மடை பார்க்கப் போகிறவருக்கு எந்த டார்ச்?

கல்லிடைக்குறிச்சியில் என் சித்தப்பாவுக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல், மணிமுத்தாறு போகிற வழியில் கிணற்றுப் பாசனத்தில் ஒரு வாழைத்தோட்டம். பிசானப் பருவ நெல்லுக்கு நடவு முடிந்துவிட்டால் அவருக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. ஒரு நாள் மடை பார்க்கப் போவார், ஒரு நாள் மும்முனைக் கரண்ட் வரும் நேரத்துக்கு மோட்டார் போடப் போவார், இடையில் ஒரு நாள் பன்றி வந்துவிட்டது என்று ஓடுவார். கையில் மம்பட்டி, தோளில் துண்டு, துண்டின் முனையில் கட்டிய டார்ச். 2016-ல் நான் வாங்கிக் கொடுத்த டார்ச் அது. போன ஐப்பசியில் போன் போட்டு, "ஏல, லைட்டு அமுக்கினா எரியுது, விட்டா அணையுது. இதே லைட்டுல இன்னொண்ணு வாங்கிட்டு வா" என்றார்.

தேடிப் பார்த்தால் இதே லைட் இன்னமும் விற்கிறார்கள். கூடவே அதன் புது வடிவமும் வந்திருக்கிறது. பழையது 1,350 ரூபாய், செல் தனி. புதியது 2,450 ரூபாய், செல் உள்ளேயே இருக்கிறது, சார்ஜ் போடும் துளையும் உடம்பிலேயே இருக்கிறது. அட்டைப் பெட்டியைப் பார்த்து முடிவு செய்கிற விஷயமில்லை என்று இரண்டையும் வாங்கினேன். சித்தப்பாவுக்கு ஒத்துவராதது எனக்கு என்று கணக்கு. கம்பெனிப் பெயர் வேண்டாம். இந்த அளவில், இந்த விலையில் வருகிற டார்ச்சுகள் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான் மாறியிருக்கின்றன. 18650 என்ற அளவுச் செல் போய்ப் பெரிய 21700 வந்துவிட்டது, தனி சார்ஜர் டைப்-சி ஆகிவிட்டது, பின்பக்கச் சுவிட்ச் பக்கவாட்டுக்கு வந்துவிட்டது.

இதற்கும் முந்திய தலைமுறையை ஒரு வரியில் முடித்துக்கொள்ளலாம். சுவரில் நேரே செருகும் இரண்டு முள் வைத்த பிளாஸ்டிக் லைட், உள்ளே 4 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி. இரண்டு மாதம் சார்ஜ் போடாமல் கிடந்தால் பேட்டரித் தகட்டில் உப்புப் படிந்து செத்துவிடும். பலவற்றில் உள்ளே டிரான்ஸ்ஃபார்மரே இல்லை, மெயின் கரண்ட் ஒரு கெப்பாசிட்டர் வழியாகத்தான் இறங்குகிறது. சார்ஜ் ஆகும்போது உள்பாகத்தில் கை பட்டால் ஷாக் அடிக்கும். குழந்தை இருக்கும் வீட்டில் அதை வாங்கவே வேண்டாம்.

சரி, நம் இரண்டு லைட்டுக்கு வருவோம். பழையதன் பெட்டியில் 900 லுமென், 200 மீட்டர் என்று போட்டிருக்கிறது. லுமென் என்பது லைட் விடுகிற மொத்த வெளிச்சத்தின் அளவு. புதியதில் 1,600 லுமென், 320 மீட்டர். எண்ணைப் பார்த்தால் புதியது பழையதைப் போல இரண்டு மடங்கு என்று தோன்றும். கண்ணுக்கு அப்படித் தெரியாது. வெளிச்சத்தைப் பத்து மடங்கு கூட்டினாலும் நம் கண் அதைப் பத்து மடங்காகப் பார்ப்பதில்லை. ஒரு லைட் இன்னொன்றைவிட இரண்டு மடங்கு பிரகாசம் என்று நாம் சொல்ல வேண்டுமானால், அதன் லுமென் ஏறக்குறைய நாலு மடங்கு இருக்க வேண்டும். 900-க்கும் 1,600-க்கும் இடையே உள்ள வித்தியாசம், பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடித்தால் தெரியும். ஒன்றை இன்று, மற்றதை நாளை அடித்தால் தெரியாது.

அந்த 200 மீட்டர், 320 மீட்டருக்கும் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். டார்ச்சுக்கென்று 2009-ல் அமெரிக்காவில் எஃப்.எல்.1 என்று ஒரு தரநிர்ணயம் வந்தது. அதன்படி ‘எட்டும் தூரம்’ என்பது வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறைகிற இடம். லக்ஸ் என்பது ஒரு இடத்தில் போய் விழுகிற வெளிச்சத்தின் அளவு. அதாவது பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவு. நிலா வெளிச்சத்தில் 300 மீட்டர் தாண்டி நிற்பது பன்றியா பாறையா என்று யாருக்குத் தெரியும்? அதில் பாதித் தூரத்தில் வெளிச்சம் நாலு மடங்கு, 1 லக்ஸ். நமக்குப் பயன்படும் தூரம் என்று அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் பழையது 100 மீட்டர், புதியது 160 மீட்டர்.

கன்னடியன் கால்வாய்க் கரையில் ராத்திரி பத்து மணிக்கு இரண்டையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தோம். எதிர்க்கரைத் தென்னந்தோப்பில் முதல் வரிசை மரங்கள் பழையதில் நன்றாகத் தெரிந்தன. புதியதில் இரண்டாம் வரிசையும் மட்டை மட்டையாகத் தெரிந்தது. காரணம் லுமென் மட்டும் இல்லை. பழையதில் இருப்பது 2012 வாக்கில் வந்த எக்ஸ்எம்-எல்2 வகை எல்.இ.டி., தலையில் சின்னக் குமிழ் வைத்தது. புதியதில் குமிழ் இல்லாத தட்டை எல்.இ.டி. வெளிச்சம் கிளம்பும் இடம் சின்னதாக இருந்தால் கண்ணாடிக்கிண்ணம் அதை இறுக்கமாகக் குவிக்க முடியும். பன்றி விரட்டுகிறவருக்கு இது லாபம். வரப்பில் நடக்கிறவருக்கு நட்டம், ஏனென்றால் நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம், அதைச் சுற்றி திடீரென்று இருட்டு. பழையதில் ஓரம் மெல்ல மெல்லக் கரைகிறது. காலடியும் பத்தடி முன்னாலும் ஒரே நேரத்தில் தெரிகின்றன.

இன்னொன்று, அந்த 1,600 லுமென் நிற்காது. தரநிர்ணயப்படி போட்டு 30 வினாடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் எடுத்த அளவைத்தான் பெட்டியில் போடுவார்கள். அந்த வெளிச்சத்துக்கு 17, 18 வாட் போகிறது. கையளவு அலுமினியக் குழாய் அவ்வளவு சூட்டை வெளியே விட முடியாது. மூன்றாவது நிமிடத்தில் லைட் தானாகவே தன்னைக் குறைத்துக்கொள்கிறது, கண்ணுக்குத் தெரியாமல் மெதுவாக. பத்து நிமிடம் நடந்தபின் இரண்டு லைட்டையும் வரப்பில் வைத்து அடித்துப் பார்த்தேன். எதற்கு வெளிச்சம் அதிகம் என்று தம்பியால் சொல்ல முடியவில்லை.

ஆகவே லுமெனை விடுங்கள். நான் அதிகம் யோசித்தது நிறத்தைப் பற்றி.

டார்ச் வாங்கும்போது நம் ஊரில் யாரும் கேட்காத கேள்வி இது. வெள்ளை வெளிச்சம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். 6,500 கெல்வின் என்று போட்டிருந்தால் நீலம் கலந்த வெள்ளை, டியூப்லைட் மாதிரி. 5,000-க்குக் கீழே வந்தால் காலை வெயில் நிறம். அதோடு சிஆர்ஐ என்று ஒரு எண் உண்டு, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு. 100 என்றால் வெயில். மலிவான நீல வெள்ளை எல்.இ.டி.க்களில் அது 70-ஐ ஒட்டி இருக்கும். அதில் முதலில் செத்துப்போவது சிவப்பும் காவியும்.

வாழைத்தோட்டத்தில் இது வெறும் அழகு விஷயம் இல்லை. வாழைச் சருகு காவி நிறம். கண்ணாடி விரியனும் காவி நிறம், மேலே சங்கிலி கோர்த்தது போலக் கரும் வட்டங்கள். அது ராத்திரியில் நடமாடும் பாம்பு, ஆள் வந்தால் விலகி ஓடுகிற பழக்கமும் அதற்குக் குறைவு. நீல வெள்ளை வெளிச்சத்தில் சருகும் பாம்பும் ஒரே சாம்பல். சோதித்துப் பார்க்கத் தோட்டத்தில் சருகு மேல் ஒரு பழைய காவி நிறக் கயிற்றைப் போட்டுவிட்டு, சித்தப்பாவைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். 6,500 கெல்வின் புது லைட்டோடு போனவர் கயிற்றைத் தாண்டிப் போய்விட்டார். 5,000 கெல்வின் பழைய லைட்டைக் கொடுத்ததும் நாலு எட்டு முன்னாலேயே நின்றார். நின்றவர் கயிற்றைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "இதுக்குத்தான் ராத்திரி பதினோரு மணிக்குக் கூட்டியாந்தியாலே?"

புதியதிலும் 5,000 கெல்வின் உண்டு. ஆனால் ஆர்டர் போடும்போது நாமே தேர்ந்தெடுக்க வேண்டும், லுமெனும் கொஞ்சம் குறையும். பெட்டியில் பெரிய எண் போட வேண்டும் என்பதால் விற்பவர்கள் நீல வெள்ளையைத்தான் முன்னால் வைக்கிறார்கள். நான் கவனிக்காமல் அதைத்தான் வாங்கியிருந்தேன். தப்பு என்னுடையது.

சுவிட்ச் விஷயத்தில் பழையதுக்கு ஒரு குணமும் ஒரு குற்றமும் உண்டு. பின்பக்கம் ரப்பர் மூடிய பொத்தான், ‘டக்’ என்று அமுங்கும். சேறு அப்பிய கையிலும் தெரியும், கையுறை போட்டாலும் தெரியும். குற்றம் என்னவென்றால், பாதி அமுக்கினால் அடுத்த நிலைக்குப் போகும். கூடியது, நடுத்தரம், குறைந்தது, அப்புறம் மினுக்கு, அப்புறம் எஸ்.ஓ.எஸ். என்கிற ஆபத்துச் சைகை. நடுத்தரத்துக்குத் திரும்ப வேண்டுமானால் எல்லாவற்றையும் சுற்றி வர வேண்டும். மடைவாய்ப் பலகையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு மறு கையால் லைட்டைத் தட்டினால், வயலே அம்மன் கோயில் கொடை மாதிரி மினுக் மினுக் என்று எரியும். பக்கத்து வயல்காரர், "என்ன அண்ணாச்சி, கரகாட்டம் எப்ப?" என்று கேட்டதை சித்தப்பா இன்னும் மறக்கவில்லை. புதியதில் மினுக்கு மறைந்திருக்கிறது, இரண்டு முறை அமுக்கினால்தான் வரும். கடைசியாக வைத்த நிலை நினைவில் நிற்கிறது. அழுத்திப் பிடித்தால் மிகக் குறைந்த வெளிச்சம் வருகிறது, தூங்குகிறவர்களை எழுப்பாமல் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். இதில் புதியதுக்கே என் ஓட்டு.

குறைந்த வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. பழையது வெளிச்சத்தைக் குறைப்பதே எல்.இ.டி.யை வேகவேகமாக அணைத்து அணைத்துப் போட்டுத்தான். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மடையிலிருந்து விழும் தண்ணீரில் அடித்துப் பாருங்கள், தண்ணீர் தாரையாக விழாமல் முத்து முத்தாக விழுவது போலத் தெரியும். புதியதில் கரண்டையே குறைத்துக் கொடுக்கிறார்கள், தண்ணீர் தண்ணீராகவே விழுகிறது. சித்தி மட்டும் முத்துத்தான் நன்றாக இருக்கிறது என்கிறாள்.

இனி செல். பாதி முடிவு இங்கேதான்.

18650 என்றால் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிச் சைபர் உருளை வடிவத்துக்கு. 21700-ம் அதே கணக்குத்தான், 21-க்கு 70. செல்லின் கொள்ளளவை எம்.ஏ.ஹெச். என்று போடுவார்கள். நல்ல கம்பெனி 18650-ல் 3,000 முதல் 3,500 எம்.ஏ.ஹெச். வரும், 21700-ல் 5,000 வரும். நடுத்தர வெளிச்சம் 100 லுமென் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய ஒரு வாட் செலவாகும். 3,000 செல்லில் 10.8 வாட்-மணி இருக்கிறது, ஆக பத்து மணி நேரம். 5,000 செல்லில் 18 வாட்-மணி, பதினேழு மணி நேரம் வரை இழுக்கலாம். புதியது கூடுதல் நேரம் எரிவதற்குப் பெரிய செல்தான் முக்கியமான காரணம்.

ஆனால் அந்தச் செல்லின் ஆயுள் தீர்ந்த பின் என்ன? 18650 பழைய லேப்டாப் பேட்டரிகளில் இருப்பது, எலெக்ட்ரிக் சைக்கிளில் இருப்பது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் பேட்டரி பழுது பார்க்கிற கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். 21700 கேட்டபோது மூன்று கடையில் கையை விரித்தார்கள், ஒருவர் "ஆர்டர் போட்டு வரவச்சுத் தாரேன்" என்றார். பிளாஸ்டிக் உறை ஒன்று போட்டால் 21700 லைட்டுக்குள் 18650 உட்காரும், நடுத்தர வெளிச்சத்துக்கு அது போதும். ஆனால் அதற்குச் செல் சாதாரணமானதாக இருக்க வேண்டும். சில கம்பெனிகள் கூட்டல், கழித்தல் இரண்டு முனையையும் ஒரே பக்கம் வைத்த செல்லைப் போடுகிறார்கள். அவர்கள் செல்லைத் தவிர வேறெதுவும் உள்ளே வேலை செய்யாது. வாங்குவதற்கு முன் பின்மூடியைக் கழற்றி இதைப் பார்த்தே ஆக வேண்டும். நான் வாங்கியது தப்பித்தது.

18650 வாங்கும்போது 9,900 எம்.ஏ.ஹெச். என்று மஞ்சள் தாள் ஒட்டி விற்பதை வாங்காதீர்கள். அந்த அளவில் அவ்வளவு அடைக்கவே முடியாது. உண்மையான 18650 ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள், போலி பெரும்பாலும் எடை குறையும். லேப்டாப்பில் கழற்றிய பழைய செல்லும் வேண்டாம், சூடேறினால் ஆபத்து.

செல் இறங்கும் விதமும் இரண்டிலும் வேறு. பழையது கடைசியில் மெல்ல மங்கும். சித்தப்பா அதைக் கடிகாரம் மாதிரி வைத்திருக்கிறார், மங்க ஆரம்பித்தால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். புதியது கடைசிவரை அதே வெளிச்சம், பிறகு ஒரே சறுக்காகக் குறைந்துவிடுகிறது. பொத்தானுக்குள் ஒரு சின்னப் பச்சை விளக்கு சிவப்பாகும், அதைக் கவனித்தால் சரி. வாழைத்தோட்டத்தின் நடுவில் நிற்கிறவர் பொத்தானையா பார்ப்பார்?

டைப்-சி நிச்சயம் வசதி. 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது வண்ணார்பேட்டையில் எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. என்னிடம் இதே பழைய வகை லைட் ஒன்றும் இரண்டு செல்லும் இருந்தன. தனி சார்ஜர் இருந்தும் பிளக் செருக இடமில்லை. குறைந்த வெளிச்சத்தில், கூரையைப் பார்த்து நிறுத்தி வைத்து ஒரு செல்லிலேயே இரண்டு ராத்திரியை ஓட்டினோம். எதிர்வீட்டில் டைப்-சி லைட்டைப் பவர் பேங்க்கில் போட்டு ஏற்றினார்கள். ஆனால் அதுவும் எல்லா வயரிலும் ஏறாது. இப்போது நான் வாங்கிய புது லைட்டில் அதே குணம் இருக்கிறது, இரண்டு முனையும் டைப்-சியாக உள்ள வயரைப் போட்டால் சார்ஜே ஏறுவதில்லை. துளைக்குப் பின்னால் வைக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருக்கிறார்கள், அதுதான் காரணம். ஒரு முனை பழைய அகலமான யூ.எஸ்.பி.யாக இருக்கும் வயரில் ஏறுகிறது. துளையை மூடும் ரப்பர் நாக்கு இன்னொரு கவலை. அது கிழிந்தால் தண்ணீருக்குள் விழுந்தாலும் தாங்கும் என்ற பேச்செல்லாம் போச்சு. வயல்சேற்றில் விழுகிற பொருளுக்குத் துளையே இல்லாத பழைய உடம்பு நல்லது.

பக்கவாட்டுச் சுவிட்சால் ஒரு விபத்தும் நடந்தது. சித்தப்பா புது லைட்டை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு பைக்கில் வந்தார். வழியில் பொத்தான் எதிலோ அமுங்கியிருக்கிறது. முழு வெளிச்சம், கண்ணாடி துணியோடு ஒட்டி. வீட்டு வாசலில் இறங்கி, "ஏல, வயிறு சுடுதுல" என்று உருவிப் போட்டார். வேட்டியில் கால் ரூபாய் அளவுக்குப் பழுப்பாய்ப் பொசுங்கிய வட்டம். பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்தால் இது நடக்காது, கையேட்டிலும் சொல்லியிருக்கிறது. அவர் கையேடு படிக்கிற ஆள் இல்லை. இந்த வகைச் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் செல்லைக் குடிக்கும் என்பதால், மாதக்கணக்கில் சும்மா வைத்தாலும் அப்படித் தளர்த்தித்தான் வைக்க வேண்டும்.

காசுக் கணக்கு கடைசியில்தான் உறைத்தது. பழையது 1,350, நல்ல செல் இரண்டு 900, சார்ஜர் 600. மொத்தம் 2,850. செல்லோடு வருகிற புதியது 2,450. ஆகவே பழையது மலிவு என்பது வீட்டில் ஏற்கெனவே செல்லும் சார்ஜரும் வைத்திருப்பவருக்கு மட்டும்தான். முதல் தடவை வாங்குகிறவர் புதியதையே வாங்கலாம், 5,000 கெல்வின் பார்த்து, செல் சாதாரணமானதா என்று பார்த்து. மலையடிவாரத்தில் காவலுக்குப் போகிறவர்களுக்கும் அதுதான். வரப்பில் நடப்பவர், சேற்றுக்கை, சார்ஜர் ஏற்கெனவே உண்டு என்றால் பழையது. சித்தப்பா இந்த மூன்றிலும் அடங்குகிறார். அவர் பழையதை எடுத்துக்கொண்டார், புதியது என் பைக் பெட்டியில் இருக்கிறது.

தை பிறந்தபின் ஒரு நாள், கெட்டுப்போன 2016 லைட்டைச் சும்மா கழற்றிப் பார்த்தேன். பின்மூடிக்குள் ஒரு வளையம், அதில் எதிரெதிரே இரண்டு பள்ளம். கத்தரிக்கோல் நுனியை அதில் வைத்துத் திருப்பினால் கழன்று வருகிறது, உள்ளே சுவிட்ச் தனியாக உட்கார்ந்திருக்கிறது. ஜங்ஷனில் அதே அளவுச் சுவிட்ச் 60 ரூபாய்க்குக் கிடைத்தது. பத்து நிமிட வேலை. சித்தப்பாவிடம் கொடுத்தேன், நாலு தடவை டக் டக் என்று அமுக்கிப் பார்த்தார். "அப்ப நாம எதுக்குலே புதுசு வாங்குனோம்?" என்றார். அது இப்போது மோட்டார் ரூம் ஆணியில் தொங்குகிறது.